எடை மட்டும் காரணமில்லை

அணை நீரின் எடை தாங்காமல்தான் மகாராஷ்டிராவின் கொய்னாவில் பூமி குலுங்கியது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. அங்கே 1962-லேயே நீர் தேக்கத் தொடங்கிவிட்டார்கள். சின்ன அதிர்வுகள் சீக்கிரமே வந்தன, ஆனால் 6.3 அளவுள்ள பெரியது வந்தது 1967 டிசம்பர் 11 விடிகாலையில். எடை மட்டும்தான் என்றால் ஐந்து வருடம் ஏன் காத்திருக்க வேண்டும்?

நீர் பாறை இடுக்குகளில் மெல்லக் கசிந்து இறங்குகிறது. ஆழத்தில் உள்ள பிளவில் நீரழுத்தம் ஏற ஏற, இரு பக்கப் பாறைகளின் பிடி தளர்கிறது. வெந்நீரில் கழுவிய தம்ளரை ஈரமான சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தால் தானாக வழுக்கிப் போகுமே, கிட்டத்தட்ட அப்படி. அதற்காக எல்லா அணையும் ஆபத்து என்று கிளம்பிவிட வேண்டாம். பிளவு ஏற்கெனவே நழுவும் நிலையில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

அன்று மும்பை மாதுங்காவில் குடியிருந்த என் பாட்டி, பரணில் எவர்சில்வர் பாத்திரங்கள் கடகடத்ததைப் பூனை என்று நினைத்துச் 'சூ' என்று விரட்டினாராம். கொய்னா மாதுங்காவிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல்! மழைக்காலத்தில் அணை நிரம்பிய பிறகு அங்கே அதிர்வுகள் கூடுவது இன்றும் தொடர்கிறது. அதைப் பற்றியும் எழுதுங்கள் சார்.