டூத்பேஸ்ட் கிட்டார் பாலிஷ் இல்லீங்க

"டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ங்க, எந்தக் கீறலும் போயிடும், எல்லா கிட்டாருக்கும் ஆகும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். பாதி உண்மை, அதனாலதான் சிக்கல். பேஸ்ட்ல உரசுற துகள் இருக்கு, சரி. ஆனா எவ்வளவு கரகரப்புன்னு டியூப்ல போட்டிருக்க மாட்டான். பல் வெளுக்கிற ரகம்னா பெரும்பாலும் இன்னும் முரடா இருக்கும். ஒரு கீறல் போய், அந்த இடமே மங்கி நிக்கும்.

முதல்ல விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவா ஓட்டுங்க. நகம் சிக்கலைன்னா மேலோட்டமானது. தூசியை நல்லாத் துடைச்சிட்டு (துணியில மாட்டுற மண்ணே புதுக் கீறல் போடும்), சிலிகான் கலக்காத மெல்லிய பாலிஷிங் காம்பவுண்டை (தேய்ச்சுப் பளபளப்பாக்குற பசை) மைக்ரோஃபைபர் துணியில சொட்டு எடுத்து லேசாத் தேய்ச்சாப் போதும். சிலிகான் ஏன் கூடாதுன்னா, நாளைக்கு அதே இடத்துல புது லேக்கர் (மரத்து மேல அடிக்கிற பூச்சு) அடிச்சா ஒட்டாம குழி குழியா விலகும். ஓரம், வளைவுல கை வைக்காதீங்க. அங்கேதான் பூச்சு ரொம்ப மெல்லிசு, சட்டுனு மரம் தெரிஞ்சிடும்.

நகம் சிக்கினா பாலிஷ் மட்டும் போதாது. பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தணும், அது கைதேர்ந்தவங்க வேலை.

"எல்லா கிட்டாருக்கும்"ங்கிறதும் தப்பு. பாலியெஸ்டர் பூச்சு பொதுவா தடிமனா, கெட்டியா இருக்கும், கொஞ்சம் தாங்கும். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அவ்வளவு தாங்காது. சில கிளாசிக்கல் கிட்டார்ல வர்ற பிரெஞ்ச் பாலிஷ் வெறும் ஷெல்லாக் (அரக்கு), ஸ்பிரிட் பட்டாலே கரையும். மேட் ஃபினிஷ்ல (பளபளப்பில்லாத பூச்சு) தேய்ச்சீங்கன்னா அந்த இடம் மட்டும் பளபளன்னு திட்டா நிக்கும்.