லூபஸும் கலியாணப் பேச்சும்

எங்கட வன்னிப் பக்கம் ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு லூபஸ் (உடம்பின்ர நோயெதிர்ப்பே உடம்பைத் தாக்கிற வருத்தம்) எண்டு டொக்டர் எழுதினா, கிளினிக் கொப்பியில மை காயமுதல் ஊர் கதைக்கத் துவங்கிடும்: "பரம்பரை வருத்தமாம்." பிறகு அவளுக்கு மட்டுமில்லை, தங்கச்சிக்கும் சம்பந்தம் வராது. இதைக் கொஞ்சம் கோவமாத்தான் எழுதுறன்.

பரம்பரைக்குப் பங்கு இருக்கு, மறுக்கேல்லை. ஆனா ஒரேயொரு மரபணு பழுதாகி லூபஸ் வாறது மிச்சம் அபூர்வம். 2022இல ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியில அப்பிடி ஒரு மாற்றத்தைக் கண்டுபிடிச்சவை, டிஎல்ஆர்7 எண்ட மரபணுவில. அது எக்ஸ் குரோமோசோமில இருக்கிறது; பெண்களுக்கு அது ரெண்டு, ஆண்களுக்கு ஒண்டு. (லூபஸ் வாற பத்துப் பேரில ஒன்பது பேர் பெண்கள் எண்டதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.) மற்ற ஆக்களில மரபணுக்களில நூறுக்கு மேற்பட்ட இடங்களில இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசங்கள் துளித் துளியா ஆபத்தைக் கூட்டுது, அவ்வளவுதான். அச்சடிச்ச மாதிரிப் பிறந்த இரட்டையரில ஒருத்திக்கு வந்தாலும், மற்றவளுக்கு வராமப் போறதுதான் கூட.

ஆபிரிக்க, ஆசிய வழி வந்த ஆக்களுக்கு லூபஸ் வெள்ளையரை விடக் கூட வருது. சிறுநீரகத்தையும் கூடத் தாக்குது. எஃப்சிஜிஆர்2பி எண்டொரு மரபணு நோயெதிர்ப்புக்குப் பிரேக் மாதிரி. அந்தப் பிரேக்கைத் தளர்த்திற மாற்றம் ஐரோப்பியரில அரிது, ஆனா ஆபிரிக்காவிலயும் கிழக்காசியாவிலயும் அதிகம். கடும் மலேரியாவில இருந்து அது பிள்ளையளைக் காப்பாத்துறது அதுக்குக் காரணமா இருக்கலாம், கென்யாவில பாத்திருக்கினம். அங்க கண்டதை அப்பிடியே எங்கள்ல ஒட்ட ஏலாது. ஆனா காய்ச்சலுக்கு எத்தினை உசிரைக் குடுத்த மண் வன்னி! இலங்கை மலேரியா இல்லாத நாடெண்டு சான்றிதழ் வாங்கினதே 2016இலதான். உயிர் காத்த மரபணுவே வேறொரு பக்கத்தால வருத்தத்துக்கும் வழி விடலாம் எண்டது தெரிஞ்சா, "கெட்ட ரத்தம்" எண்டு சொல்ல வாய் வருமோ?

இன்னொண்டு. மரபணு ஆராய்ச்சியில சேர்ந்த ஆக்களில பெரும்பகுதி ஐரோப்பிய வழியினர். அவையளில லூபஸோட வலுவாத் தொடர்புபட்ட ஐடிஜிஏஎம் எண்ட மரபணுவின்ர மாற்றம் ஜப்பானியரிலயும் கொரியரிலயும் மிக அரிது. ஐரோப்பியரில போட்ட கணக்கை வைச்சு எங்கட பிள்ளையின்ர ஆபத்தை அளக்கேலாது.

லூபஸால முகத்தில வாற நிறமாற்றத்தைக் காட்டுற புத்தகப் படங்களும் அப்பிடித்தான். வெள்ளைத் தோலில வண்ணாத்திப்பூச்சி மாதிரிச் சிவப்பு. எங்கட தோலில அது ஊதாவாவோ வெறும் கருமையாவோ, மூக்கோரத்து மடிப்பை மட்டும் விட்டிட்டு ரெண்டு கன்னத்திலயும் படரும். வயல் வெயிலில நிண்டு வந்தா கூடும். வீட்டில மங்கு எண்டு கிறீம் பூசுவினம். அதோட மூட்டுவலி, முடி கொட்டுறது, வாய்ப்புண், யூரினில நுரை எண்டு சேர்ந்து வந்தா கிறீமை வைச்சிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

குடுக்கிற முக்கியமான குளிசை ஹைட்ரொக்சிகுளோரோகுயின். எங்கட பேரன்மார் மலேரியாவுக்கு முழுங்கின கைப்பான குளோரோகுயினுக்குத் தம்பி! நல்லாயிருக்கு எண்டு தானா நிப்பாட்டக்கூடாது. கண்ணையும் காலத்துக்குக் காலம் காட்டோணும். வருத்தம் ஆறு மாதமாவது அடங்கியிருந்தா, டொக்டரோட கதைச்சுப் பிள்ளையும் பெறலாம். அந்தப் பிள்ளையளில பெரும்பாலானவைக்கு லூபஸ் வாறதில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்டேதான் ஆகோணுமெண்டா, பிள்ளை குளிசை ஒழுங்காப் போடுறாவோ, யூரினில புரதம் போகுதோ எண்டு கேளுங்கோ. தங்கச்சிக்காரியின்ர சாதகத்தை மேசையில இருந்து எடுக்காதேங்கோ.