அந்த அம்மா நம் சபை இல்லையாம்

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். அதனால் முழுக் கதையையும் எழுதவில்லை. செப்டிக் டேங்கில் இறங்கி இறந்துபோனவரின் மனைவிக்காக ஜெபிக்கச் சொன்னேன், ஜெபித்தார்கள். அவருடன் காவல் நிலையத்துக்குக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வாருங்கள் என்று கேட்டதுதான் தப்பாகிவிட்டது. "கோயிலுக்குள் அரசியல் வேண்டாம். அந்த அம்மா நம் சபையும் இல்லையே" என்றார்கள்.

நம் சபை இல்லை, சரி. இயேசு சொன்ன கதையில், வழியில் குற்றுயிராகக் கிடந்த அந்நியனைத் தூக்கிப்போன சமாரியன் எந்தச் சபை?

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒரு மனிதனைச் செப்டிக் டேங்குக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பு 10 லட்சம். ஆனால் 'குடித்துவிட்டுத் தவறி விழுந்தான்' என்று புகாரை எழுதி முடித்துவிட்டால், அந்தப் பணத்துக்காக அந்தக் குடும்பம் எத்தனை படி ஏற வேண்டியிருக்கும்? எழுதப் படிக்கத் தெரியாத பெண் தனியாகப் போய் நின்றால் ஒரு பதில், பக்கத்தில் சபைப் பெரியவர்கள் இரண்டு பேர் நின்றால் வேறு பதில். அந்த இரண்டு பேரைத்தான் கேட்டேன். காணிக்கையில் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

என் தாத்தாவைப் பற்றி இங்கே எழுதியதில்லை. அவருக்குத் தொழுநோய். ஊருக்கு வெளியே குடிசையில் இருந்தார், பாட்டி சோற்றை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். விரல்கள் மடங்கிப்போய் டம்ளர்கூடப் பிடிக்க முடியாது. காட்பாடிப் பக்கம் 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையில் தசைநாணை மாற்றிக் கட்டி அந்தக் கையை நிமிர்த்தினார்கள். பால் பிராண்ட் என்ற மருத்துவர் வேலூரில் வளர்த்தெடுத்த சிகிச்சை அது. ஆனால் தாத்தா ஆபரேஷனைப் பற்றிப் பேசவே மாட்டாராம். முதல் நாள் டாக்டர் தன் கையைத் தொட்டுப் பிடித்துப் பார்த்ததைத்தான் சொல்லிச் சொல்லி அழுவார் என்பார் அப்பா. நீ எந்தச் சபை என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அப்போது அவர் கிறிஸ்தவரே இல்லை.

'முதலில் ஆத்துமா, அப்புறம்தான் சரீரம்' என்று எழுத வருகிறவர்களுக்கு: இயேசுவின் பேச்சைக் கேட்க வந்த ஐயாயிரம் பேரையும் பசியோடு அனுப்பிவிடலாம் என்றது சீஷர்கள், ஆண்டவர் இல்லை. 'உதவப் போனால் மதம் மாற்ற வந்தோம் என்பார்கள்' என்ற பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. அதற்காக அந்த அம்மாவைத் தனியாக விட்டுவிட முடியுமா? 'அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே போ' என்று ஒருவர் சொன்னார். போனேன் ஐயா. மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் நம் சபையா இல்லையா என்பதல்ல, எந்தத் தெரு என்பதுதான் இங்கே பிரச்சினை. நம் மாநிலத்தில் சில கல்லறைத் தோட்டங்களில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சாதிச் சுவர் நிற்கிறது. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறோம், அப்புறம் தனித்தனியாகப் புதைக்கிறோம். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. என்னைச் சபையை விட்டு நீக்கினாலும் சரி.

புதன்கிழமை மறுபடி போகிறோம். மூத்த மகள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வருகிறாள், அம்மாவுக்குப் படித்துச் சொல்ல. காலை ஒன்பதரைக்குப் பேருந்து நிலைய வாசல் டீக்கடையில் இருப்பேன். யாராவது வாருங்கள்.