பாதம் கழுவுதல் பற்றிய ஒரு திருத்தம்
மேலே ஒரு நண்பர், கிறிஸ்தவப் பணிவு என்பது பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாமல் அடங்கிப் போவது என்றும், ஈஸ்டருக்கு முந்தைய வியாழனான பெரிய வியாழனன்று கோயிலில் குருவானவர் மக்களின் பாதங்களைக் கழுவும் சடங்கு அதற்கே அடையாளம் என்றும், அதில் பெண்களுக்கு இடமில்லை என்றும் எழுதியிருக்கிறார். மூன்றுமே சரியல்ல.

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் பாதம் கழுவக் குனிவது சீடர்கள் அல்லர், அவர்களின் போதகரான இயேசுவே. அடிமைகள் செய்துவந்த வேலையை அவர் தம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்கிறார். கூச்சப்பட்டு மறுத்தவர் சீடரான பேதுரு. அதே நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், தம்மைக் கன்னத்தில் அறைந்த காவலனிடம், நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று இயேசு நேராகவே கேட்கிறார். பணிவு வாயடைத்து நிற்பதாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

பெண்களைப் பொறுத்தவரை, 2013இல் திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் ரோமில் இளையோர் சிறை ஒன்றில் பன்னிருவரின் பாதங்களைக் கழுவியபோது அவர்களில் இரு பெண்களும் இருந்தனர். 2016 ஜனவரியில் திருவழிபாட்டு விதியே அதற்கேற்பத் திருத்தப்பட்டது.

கடலூரில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், மீன் விற்கும் ஓர் அம்மா, இந்தச் சடங்கின்போது வெடித்த குதிகாலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டதையும், எங்கள் பங்குத்தந்தை எதுவும் சொல்லாமல் அந்தக் காலையே முதலில் கையில் ஏந்தியதையும் அருகிலிருந்து பார்த்தவன் நான். மறுவாரம் சந்தையில் அந்த அம்மாவிடம் நான் வழக்கம்போல் பேரம் பேசவில்லை. 'வாங்க அம்மா' என்றுதான் பேச்சைத் தொடங்கினேன்.