காரணம் போர்டுக்குத் தெரியும், வாய் மட்டும் திறக்காது

ஃபேன் சுற்றுகிறது. லைட் எரிகிறது. கீபோர்டில்கூட ஒரு நொடி வெளிச்சம் வந்து போகிறது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. "நோ சிக்னல்" என்று காட்டிவிட்டு மானிட்டரும் தூங்கப் போய்விடுகிறது. பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி, என் கையால் அசெம்பிள் செய்து, ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் இது. எந்தப் பாகமும் பழுதாகவில்லை. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளின் மெனுவில் ஒரே ஒரு வரியை மாற்றிச் சேமித்ததற்குத்தான் இத்தனை கூத்து.

அந்த வரியை நான் சும்மா நோண்டவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சரி, 11-க்குப் போய்விடலாம் என்றால் அது யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் புதிய வாரிசு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் காவல்), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) என்று வரிசையாகக் கேட்கிறது. டிபிஎம்மைத் தேடிப் பிடித்து ஆன் செய்தாயிற்று. செக்யூர் பூட்டோ சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது, தொடவே விடவில்லை. ஏன் விடவில்லை என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. விசாரித்தால், சிஎஸ்எம் ஆன் ஆக இருக்கும்வரை அது திறக்காதாம். பழைய பயாஸ் காலத்துக் கார்டுகளையும் டிஸ்க்குகளையும் புதிய யுஇஎஃப்ஐ மதர்போர்டில் ஓட வைக்கிற ஒட்டுவேலைதான் இந்த சிஎஸ்எம்.

சரி, அதை ஆஃப் செய்தால் என்ன ஆகும்? கேட்கத்தான் வலது ஓரத்தில் உதவிக் குறிப்பு என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களே! அதில் எழுதியிருப்பது இது: "சிஎஸ்எம்-ஐ இயக்கலாம் அல்லது முடக்கலாம்." அடேயப்பா, என்ன ஞானம்! இதை எழுதியவருக்குச் சம்பளம் வேறு கொடுத்திருப்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டு பழசாக இருந்தால் டிஸ்ப்ளே போய்விடும் என்று நாலு வார்த்தை சேர்த்தால் குறைந்தா போய்விடும்? எஃப்10 அழுத்தினால் "சேமித்து வெளியேறவா?" என்ற கேள்வி மட்டும் வரும். ஃபேன் வேகத்தை மாற்றினாலும் இதே கேள்விதான், கம்ப்யூட்டரையே குருடாக்கும் மாற்றத்தைச் செய்தாலும் இதே கேள்விதான்.

நடந்தது என்னவென்றால், என் கிராஃபிக்ஸ் கார்டு 2012-ஆம் ஆண்டு மாடல். அந்தக் காலக் கார்டுகள் பலவற்றின் ஃபர்ம்வேரில் ஜிஓபி என்ற பகுதி கிடையாது. விண்டோஸ் வருவதற்கு முன்பே திரையில் படம் காட்ட யுஇஎஃப்ஐ-க்கு அது வேண்டும். சிஎஸ்எம் இருந்தவரை அது பழைய முறையில் கார்டை எழுப்பிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் கார்டோடு பேச ஆளில்லை. என் பிராசஸரில் உள்ளேயே கிராஃபிக்ஸ் இல்லாததால், கேபிளைப் போர்டில் மாற்றிச் செருகியும் பார்க்க முடியாது.

சரி, மறுபடி பயாஸுக்குள் போய் சிஎஸ்எம்-ஐ ஆன் செய்ய வேண்டியதுதானே? செய்யலாம், பயாஸ் கண்ணுக்குத் தெரிந்தால்! சாவியை உள்ளே வைத்துவிட்டு வீட்டைப் பூட்டியது போல, டிஸ்ப்ளேயை அணைக்கும் ஸ்விட்சை அந்த டிஸ்ப்ளேயிலேயே வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சலே, என்ன பிரச்சினை என்று போர்டுக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான். ஓரத்தில் நான்கு பொடி எல்இடிகள் உண்டு: சிபியு, டிராம், விஜிஏ, பூட். அதில் கிராஃபிக்ஸ் கார்டைக் குறிக்கும் விஜிஏ மட்டும் விடாமல் எரிகிறது. அதாவது நோயைக் கண்டுபிடித்துவிட்டது, சொல்லத்தான் மனசில்லை. அந்த எல்இடி கடுகளவு. அதன் பெயரைப் படிக்க டார்ச் வேண்டும். பக்கத்திலேயே ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்களில் வானவில் ஓட்டும் அலங்கார விளக்குகள் ஜெகஜோதியாக மின்னிக்கொண்டிருக்கின்றன. டிஸ்ப்ளே செத்த வீட்டில் என்னடா தீபாவளி?

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். "ரேமை எடுத்து ரப்பர் வெச்சுத் தேய்ச்சு மாட்டு." "போர்டு போயிருக்கும், மாத்திடு." "எதுக்குடா அதைப் போய்த் தொட்ட?" கடைசிக் கேள்வியைக் கேட்பவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. தொடக்கூடாதது என்றால் மெனுவில் ஏன் வைக்கிறார்கள்?

மிச்சமிருந்த ஒரே வழி சிமாஸ் கிளியர், அதாவது பயாஸில் மாற்றி வைத்ததையெல்லாம் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது. பவர் கார்டை உருவிவிட்டு, மிச்ச மின்சாரம் வடிவதற்காகப் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, அப்புறம் போர்டில் இரண்டு பின்களைத் தேட வேண்டும். அவை எங்கே இருக்கும்? கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில்! சிஆர்2032 பட்டன் பேட்டரியும் அங்கேதான். கார்டைக் கழற்ற ஸ்லாட்டின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை அமுக்க வேண்டும். அது சிபியு கூலருக்கும் கார்டுக்கும் நடுவில், விரல் நுழையாத சந்தில் இருக்கிறது. ஒரு கையால் கார்டைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் பென்சிலால் கொக்கியைத் தேடி அமுக்கி, கூலரின் தகட்டில் விரலைக் கீறிக்கொண்டு, ஒருவழியாகக் கார்டு வெளியே வந்தது. பின்களை இணைக்கும் குட்டி ஜம்பர், போர்டு வந்த பெட்டியில் இல்லை. ஸ்டிக்கர் மட்டும் ஒரு தாள் நிறைய இருந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு பின்களையும் சேர்த்துத் தொட்டுப் பிடித்துத்தான் வேலையை முடித்தேன்.

படம் வந்தது. கூடவே, நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த எல்லாமே போயிற்று. ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அணைந்து, 3200-இல் ஓடிய ரேம் 2133-க்கு இறங்கிவிட்டது. ஃபேன்கள் காது கிழியக் கத்துகின்றன. பூட் வரிசை, தேதி, நேரம், விர்ச்சுவல் மெஷினுக்காக ஆன் செய்தது என்று ஒன்றுவிடாமல் காலி. ஒரே ஒரு வரியைத் திருத்த மொத்த நோட்டையும் அழிக்க வேண்டியிருக்கிறது.

திரையின் ரெசல்யூஷனை மாற்றினால் விண்டோஸ் என்ன செய்கிறது? "இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டு 15 நொடி காத்திருக்கிறது. பதில் வராவிட்டால், ஆளுக்குத் திரை தெரியவில்லை போல என்று தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மதர்போர்டுக்கு இது முடியாத காரியமும் இல்லை. ரேமை அளவுக்கு மீறி ஓட்டி பூட் ஆகாமல் போனால், இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டுத் தானாகப் பாதுகாப்பான வேகத்துக்கு இறங்கும் போர்டுகள் எத்தனையோ. கார்டில் ஜிஓபி இல்லை என்று கண்டால் தாமே சிஎஸ்எம்-ஐ ஆன் செய்து, அதைத் திரையில் சொல்லவும் செய்கிற போர்டுகள்கூட இருக்கின்றன. ஆகவே, என் போர்டைச் செய்தவர்களுக்கு வழி தெரியாமல் இல்லை, அக்கறைதான் இல்லை.

இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் முதலில் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து, யுஇஎஃப்ஐ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் சிஎஸ்எம்-ஐத் தொடாதீர்கள். அப்புறம் விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்இன்ஃபோ32-ஐ ஓட்டி, பயாஸ் மோடில் லெகசி (பழைய முறை) என்று இருந்தால் நின்றுவிடுங்கள். அப்படியே சிஎஸ்எம்-ஐ அணைத்தால், கார்டு நல்லதாக இருந்தாலும் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்க்கை, யுஇஎஃப்ஐ பூட்டுக்கு வேண்டிய ஜிபிடி என்ற பகிர்வு முறைக்கு மாற்ற வேண்டும். 2017-இல் வந்த 1703 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-இலேயே அது இருக்கிறது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அந்த 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வரியாவது அந்த உதவிப் பெட்டியில் இருந்திருக்க வேண்டாமா? அரைத் திரை காலியாகத்தானே கிடக்கிறது!