சுவரை இடிக்க 500 செங்கல் எதுக்கு?

காலையிலிருந்து இதே கேள்விதான் மண்டையைக் குடைகிறது. இருக்கிற சுவரை இடிக்கிற வேலைக்கு 500 செங்கல் எதுக்கு?

கொல்லைப் பக்கத்து ஜன்னலை எடுத்துவிட்டு அங்கே ஒரு கதவு வைக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு முட்டிவலி. வாசலில் இறங்கி, வீட்டைச் சுற்றி, ஐப்பசி மழையில் சொதசொதவென்று கிடக்கிற களிமண்ணில் கால் வைத்துக் கொல்லைக்குப் போக முடியவில்லை. மேஸ்திரி வந்தார், டேப்பைப் பிடித்தார், காபி குடித்தார், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி நீட்டினார். பொருளுக்கு மட்டும் 38,500. கூலி தனியாம்.

ஜன்னல் நாலடிக்கு நாலடி. மேல்மட்டம் தரையிலிருந்து ஏழடி, அதாவது கதவுக்கு வேண்டிய உயரம் ஏற்கெனவே இருக்கிறது. கீழே இருக்கிற மூன்றடிச் சுவரை மூன்றரை அடி அகலத்துக்கு உடைத்தால் வழி வந்துவிடும். ஒன்பது அங்குலச் சுவர், நூறு செங்கல் வெளியே வரும். பாதி உடையட்டுமே, ஐம்பது தேறாதா? பக்கவாட்டில் மிஞ்சுகிற அரையடியை அடைக்க இருபது கல் போதும். இதற்கு 500 கல்லாம்!

சிமெண்ட் எட்டு மூட்டை, எம்-சாண்ட் என்கிற செயற்கை மணல் ஒரு யூனிட். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி ஐயா! ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி, ஒன்றுக்கு ஐந்து கலந்தால் ஆறேகால் கன அடி மணல். அடைப்பு, ஓரப் பூச்சு, வாசல்படி எல்லாம் ஒரு மூட்டையில் முடியும், தாராளமாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்கிற எட்டு மூட்டைக்கே 50 கன அடி மணல்தான் செல்லும். மீதி யார் வீட்டுப் பூச்சுக்குப் போகும்? வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு நாலு சட்டி மணலுக்குக் கல்லை உடைத்து அரைத்த தூளை லாரியில் வாங்க வேண்டியிருக்கிறது, அந்த ஆத்திரம் வேறு.

அப்புறம் கம்பி. இதைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை.

"20 கிலோ கம்பி எதுக்கு மேஸ்திரி?"

"லிண்டலுக்குத் தம்பி."

"ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குற கான்கிரீட் கட்டைதானே லிண்டல்? அது மேலேயே இருக்கே."

"அது பழசு."

"அந்தப் பழசுதானே இத்தனை வருஷமா மாடியைத் தாங்குது?"

"நீங்க படிச்சவங்க, நான் என்ன சொல்றது."

படித்தவனோ படிக்காதவனோ, தலைக்கு மேலே லிண்டல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே! சரி, புதிதாகவே போடுவோம். ஐந்தடி நீளத்தில் 10 மில்லி கம்பி நாலு, மீட்டருக்கு 617 கிராம், வளையம் சேர்த்தாலும் ஆறு கிலோவைத் தாண்டாது. கதவு நிலையிலும் இதே கதைதான். ஐந்து அங்குலத்துக்கு மூன்று அங்குலக் கோங்கு மரம், இரண்டு கால், ஒரு மேல்கட்டை, இரண்டு கன அடிகூட வராது. தாளில் நாலு கன அடி. கடைசி வரி 'சில்லறைச் செலவு 3,500'. எந்த ஊரில் 3,500 ரூபாய் சில்லறை?

சிமெண்ட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 ஆகிவிட்டது, இவர் தாளில் மூட்டை விலை இறங்கவே இல்லை. அதைக்கூட விட்டுவிடுகிறேன். கூலியை நான் பேரம் பேசினதே கிடையாது. வெயிலில் நின்று சுவர் உடைக்கிறவருக்கும் தலையில் சட்டி சுமக்கிற சித்தாளுக்கும் கேட்டதைக் கொடுக்கிறேன். உழைப்புக்கு நேராகக் கேளுங்கள். அளவில் கைவைத்து, இவனுக்கு எங்கே கணக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கிறீர்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார் பாருங்கள். "பழைய ஜன்னலை இடிச்ச குப்பையோட நானே ஏத்திடுறேன் தம்பி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்." குப்பையா? அப்பா மரக்கடையில் நாள் முழுக்க நின்று பொறுக்கியெடுத்த தேக்கு அது. பன்னிரண்டு கம்பியில் நடுக்கம்பி மட்டும் நான் சின்ன வயதில் பிடித்துத் தொங்கித் தொங்கி மழமழவென்று இருக்கும். கையை வைத்துப் பார்க்கட்டும்.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "கதவெல்லாம் வேண்டாம்ப்பா, நான் மெதுவா சுத்தியே போய்க்கிறேன்" என்கிறாள். எங்கே சுற்றிப் போவது? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு, அதன் தலையில் இன்னொரு ரோடு என்று போட்டுப் போட்டு எங்கள் வாசல் தெருவைவிட ஒன்றரை அடி பள்ளத்தில் கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் தெருத்தண்ணீர் முழுக்க நேராக உள்ளே இறங்குகிறது. அந்தத் தண்ணீர் வந்து தேங்குகிற இடம்தான் அம்மா சுற்றிப் போகிற வழி. ஏன் ஐயா, சுரண்டிவிட்டுப் போட்டால் என்ன?