ரோக் எடுத்தவன் எல்லாம் திருடன் இல்லை

மேலே கருத்துப் போட்ட ஒருவர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு) ரோக் என்ற, பதுங்கிச் செயல்படும் பாத்திர வகுப்பை எடுப்பவன் கூட்டாளி பையிலேயே கை வைப்பான், தனியாகத்தான் திரிவான், விதியே அப்படி என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். விதி அப்படி இல்லைங்க. 2014 விதிநூலைப் புரட்டிப் பாருங்கள், ரோக்கின் பெரிய பலம் ஸ்னீக் அட்டாக் (வாய்ப்புப் பார்த்துக் கூடுதல் சேதம் தரும் அடி), அதற்கு ஒளிந்து நிற்க வேண்டும் என்றுகூட இல்லை, எதிரிக்கு 5 அடிக்குள் நம்ம ஆள் ஒருவர் நின்று சண்டை போட்டாலே பெரும்பாலும் போதும், 5ஆம் லெவலில் சேதத்துக்குக் கூடுதலாக 3 பகடை உருட்டலாம். கூட்டாளியைப் பகைத்துக்கொண்டால் யார் வந்து பக்கத்தில் நிற்பார்?

இந்தக் கெட்ட பெயருக்குப் பழைய பெயரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1975-இல் கிரேஹாக் என்ற இணைப்பு விதிநூலில் வந்தபோது இந்த வகுப்பின் பெயரே 'தீஃப்', அதாவது திருடன், பிக்பாக்கெட் அடிக்கவும் அதில் வழி இருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் வகுப்பின் பெயர் ரோக் என்று மாறியது.

அப்புறம், வேளச்சேரி மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் ஆடுகிறோம். எங்கள் ரோக் இதுவரை ஒரு காசு எடுத்ததில்லை. காயத்துக்கு வைத்திருந்த மருந்துக் குப்பியைச் சத்தமில்லாமல் அமுக்கியவர் நேர்மையின் திருவுருவமான எங்கள் பாலடின் (அறம் காக்கும் புனித வீரர் வகுப்பு). பஜ்ஜித் தட்டிலும் கடைசித் துண்டு அவருக்குத்தான்.